உங்கள் கையெழுத்துக்குக் கீழே

அன்பு மாறாத மாமாவுக்கு,

உங்கள் மருமகள் பவளம் எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. மனதுக்குள் உங்களோடு பேசாத நாட்கள் குறைவு. ஆனால் கடிதம் எழுத ஒருபோதும் தோன்றியதில்லை. உங்களுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. நான் எழுதினால் யாராவது படித்துக் காட்ட வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் அந்த உதவியைச் செய்யட்டும்.

நான் லண்டனில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறேன். உங்கள் மகன் யோசப் இரண்டு வருடங்களுக்கு முன் என்னைத் தனியே விட்டுக் காலமானார். கஷ்டப்படவில்லை மாமா, நித்திரையிலேயே போய்விட்டார். எங்கள் மகள் மாலா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். கவுன்சிலில் வேலை. எனக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் நோகிறது, மற்றபடி குறையில்லை.

போன மாதம் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. பழைய சிலோன் காலத்துக் காகிதங்கள் சில இருக்கின்றன, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா என்று. மாலாதான் படம் பிடித்து வந்து காட்டினாள். "அம்மா, திருகோணமலை எண்டு கிடக்கு. போவமே?" என்றாள். போனோம். பின்னர் என்ற பக்கத்து ஊரில் ஒரு சிறிய வீடு. ஹெலன் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய தாத்தா இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் பொலிஸ் துரையாக இருந்தவராம். பரணைத் துப்புரவாக்கும்போது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டதாம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். அடியில் கறுத்த மையில் மூன்று சீன எழுத்துகள். அவற்றை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கடைப் பெட்டிகளில் துணி விபரம் எழுதி ஒட்டுவீர்களே, அதே அழுத்தம், கடைசிக் கோட்டைக் கீழே இழுத்து விடும் அதே இழுப்பு. 

அந்தத் தாளில் இருந்ததை முழுதாகச் சொல்ல முதல், அதுவரை எனக்குத் தெரிந்திருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாதல்லவா.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், சீனாவின் வடக்கில் ஒரு பஞ்சத்துக்குத் தப்பி, பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர் நீங்கள். தோளில் ஒரு துணிமூட்டை. முதலில் நடந்து திரிந்தீர்கள், பிறகு சைக்கிள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று வீடு வீடாகப் பட்டும் சீத்தையும் விற்றீர்கள். வேலிப் படலையடியில் நின்று பெண்களோடு விலை பேசிப் பேசித் தமிழ் படித்தவர் என்பதால், உங்கள் தமிழ் முழுக்கப் பெண்களின் தமிழாகத்தான் இருந்தது. பொலிஸ்காரனைப் பார்த்தே "என்ரை ராசா, கொஞ்சம் பொறணை" என்று சொல்வீர்களாம். ஸ்டேஷனே சிரிக்குமாம்.

ஏழெட்டு வருடத்தில் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கடை. ஊர் உங்களைச் 'சீனத்து ஐயா' என்றது. கிழக்குக் கரையில் அப்போது சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்கள் இருபதோ முப்பதோ. துணி வியாபாரிகள், பல் கட்டுகிறவர்கள், ஒரு சாப்பாட்டுக்கடை. அவர்களுக்குச் சங்கம் இல்லை, கட்டடம் இல்லை. உங்கள் கடையின் பின்னறைதான் எல்லாம். புதிதாக வருகிறவர்களைப் பொலிஸில் பதியக் கூட்டிப்போவதும் நீங்கள்தான், இரண்டு பேருக்குள் பிணக்கு வந்தால் தீர்ப்பதும் நீங்கள்தான். பல் கட்டும் கிழவர் ஒருவர் செத்தபோது அவரைப் புதைக்க எந்த மயானமும் இடம் கொடுக்கவில்லையாம். நீங்கள் நான்கு நாள் கச்சேரி வாசலில் நின்று கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கொடுத்தீர்கள். (கச்சேரி என்றால் எங்கள் ஊரில் அரசாங்க அலுவலகம்.) யாரும் உங்களைத் தலைவராகத் தெரிவு செய்யவில்லை. எல்லாரும் உங்களிடம் வந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். சனம் கையில் அகப்பட்டதோடு காட்டுப்பக்கம் ஓடியது. மிஞ்சியிருந்த சனத்துக்குச் சீனனும் யப்பான்காரனும் ஒன்றுதான். வேவுகாரர்கள் என்று சொல்லி நான்கு துணி வியாபாரிகளைப் பிடித்துப் பொலிஸில் அடைத்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு நீங்களும் ஓடியிருக்கலாம். மாமி கையில் கைக்குழந்தை, அதுதான் யோசப். நீங்கள் ஓடவில்லை. பொலிஸுக்குப் போனீர்கள்.

மாமி இதை எனக்குச் சொன்னது சமையலறையில், மாக்கொழுக்கட்டைக்குள் கீரையும் இறைச்சியும் வைத்து மடித்தபடி. "நான் மறிச்சனான் பிள்ளை. கேக்கேல்லை. சட்டையை மாத்திக்கொண்டு போட்டார்" என்றார்.

மூன்று பேரை ஊரே அறியும், அவர்களை விட்டுவிட்டார்கள். நான்காவது ஆள் புதியவன். மட்டக்களப்புப் பக்கமிருந்து அந்தக் கிழமைதான் வந்தவன். பதிவு இல்லை, கடிதம் இல்லை. யாரும் பொறுப்பேற்காவிட்டால் அவனைக் கொழும்புக்கு அனுப்பி அடைப்பது என்று துரை சொன்னார். "இவனை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். நீங்கள் அவனோடு கொஞ்சநேரம் கதைத்துவிட்டு, "இவன் எங்கட ஆள். நான் பொறுப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

பதினோராம் நாள் அவன் காணாமல் போய்விட்டான்.

எங்கே போனான்? ஏதாவது கப்பலில் ஏறினானா? வீடு போய்ச் சேர்ந்தானா? உங்களுக்கும் கடைசிவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: உங்கள் கடைக்குச் சீல் வைத்தார்கள், வியாபார அனுமதியைப் பறித்தார்கள், ஒவ்வொரு திங்களும் பொலிஸுக்கு வந்து கையொப்பம் இட வேண்டும் என்றார்கள். முப்பத்தைந்து வயதில் திரும்பவும் சைக்கிளில் மூட்டை கட்டினீர்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடம் கழித்துத்தான் கடையைத் திறக்க விட்டார்களாம். அதற்குப் பிறகும் சீனச் சனம் உங்களிடம்தான் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பொலிஸ் ஏற்காத காலத்தில், செட்டியாரையும் முஸ்லிம் நானாமாரையும் கும்பிட்டுக் கேட்டு, அவர்களைக் கொண்டு மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போடுவித்தீர்கள்.

இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கச்சேரியில் கிளாக்கர். அங்கேயும் பொலிஸிலும் தமிழில் நடப்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நான் பிறக்க முதல், யுத்த காலத்தில், அவரைத் திடீரென்று வன்னிக் காட்டுக்குள் ஒரு சின்னக் கந்தோருக்கு இடம் மாற்றினார்கள். அங்கே மலேரியாக் காய்ச்சலில் என் அண்ணை செத்துப்போனார். இரண்டு வயது. அப்பா அவரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அம்மா மட்டும் சில நேரம் சேலைத்தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு இருப்பா.

யோசப்பை நான் விரும்பியதை வீட்டில் சொன்னபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். சாதி, சமயம், சீனன் என்று ஆயிரம் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "ஆற்றை மகன் எண்டனீ?"

"சீனத்து ஐயாவின்ரை."

"வெளியாலை போ."

உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். கையில் ஒரு பை. மாமி ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். பதிவுத் திருமணம் நடந்தது. என் பக்கத்தில் என் சிநேகிதி ஒருத்தி மட்டும். அந்தக் கிழமை முடிய முதல் நீங்கள் என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு நில்லுங்கோ பிள்ளை, அப்பாவைப் பாக்கப் போவம்" என்றீர்கள். யோசப் தானும் வருவதாகச் சொன்னார். "நீ வந்தால் சண்டை வரும். நாங்கள் ரெண்டு பேரும் போறம்" என்று மறித்துவிட்டீர்கள்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு நீங்கள் முன்னால், நான் பின்னால். எங்கள் வீட்டுப் படலையடியில் நின்றோம். அப்பா விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் பேப்பரைக் கீழே போட்டார். எழும்பி வந்து, தெருவெல்லாம் கேட்கக் கத்தினார்.

"கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடியைக் கெடுத்த மனுசன் நீர்! உம்மடை வீட்டிலையோ என்ரை பிள்ளை வாழுறது?"

அடுத்த வீட்டுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. நீங்கள் தலையை நிமிர்த்தியே நின்றீர்கள். சத்தம் போடாமல் சொன்னீர்கள்.

"ஓம் ஐயா. அது என்ரை பிழைதான்."

அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். திரும்பி வரும்போது எனக்கு அழுகை. "ஒரு ஆளைக் காப்பாத்தத்தானே மாமா கையெழுத்துப் போட்டனீங்கள். ஏன் பிழை எண்டு ஒத்துக்கொண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்கட அப்பாவுக்குக் கோவிக்க உரிமை இருக்கு" என்றீர்கள்.  உங்கள் பணிவு அப்படி என்று நினைத்தேன். இருபத்துமூன்று வயதில் அதற்கு மேல் என்ன விளங்கும்?

அடுத்த வெள்ளியும் போனோம். அதற்கடுத்த வெள்ளியும் போனோம். கதவு திறக்கவில்லை. அரை மணித்தியாலம் நிற்போம், பிறகு வருவோம். நீங்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் யார் யார் உங்களிடம் என்ன துணி வாங்கினார்கள் என்று எனக்குச் சொல்வீர்கள். எட்டாவது வெள்ளி கொதிக்கிற வெயில். உங்களுக்கு வயது அறுபதுக்கு மேல். கால்கள் தள்ளாட, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கதவு திறந்தது.

"உள்ளை வாரும்" என்றார் அப்பா. "வெயிலுக்கை நிண்டு விழுந்து கிழுந்து போடாதையும்."

அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. நீங்களும் அப்பாவும் விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடித்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அறியாத இரண்டு மனிதர்களின் கூச்சம் என்று எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு எனக்குப் பிறந்த வீடும் இருந்தது, புகுந்த வீடும் இருந்தது. எத்தனை பெண்களுக்கு அந்தக் காலத்தில் அது கிடைத்தது? அதற்கு நன்றி சொல்ல நினைத்த போதெல்லாம் "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

ஹெலனுக்காகத் தமிழ்ப் பகுதியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். இன்ன பெயருடைய, இருபது வயதான சீனர் ஒருவரின் நடத்தைக்குப் பொறுப்பு நிற்கிறேன் என்று ஒரு வாசகம். பாதியில் நிறுத்தி எழுத்தைப் பார்த்தேன். 'ழ'கரத்தின் வாலை அப்படிச் சுழித்து எழுத இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும். என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கெல்லாம் பெயர் எழுதித் தந்த கை.

அப்பாவின் எழுத்து. அன்றைக்கு அந்த அறையில் எழுதிக் கொடுத்த கிளாக்கர் என் அப்பா.

அதுமட்டுமில்லை மாமா. உங்கள் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஊரைச் சேர்ந்த இன்னொருவரும் பொறுப்பு நிற்க வேண்டும் என்ற விதிப்படி, 'மேற்படியாருடன் நானும் பொறுப்பு' என்று. அதன் கீழே அப்பாவின் பெயர், அப்பாவின் கையெழுத்து.

என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. மாலா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். "என்னம்மா? என்ன எழுதிக் கிடக்கு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஹெலன் எழுந்து என் பக்கத்தில் வந்து இருந்தார்.

தாளின் ஓரத்தில் துரை ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை ஹெலனே வாசித்தார். ஆள் தப்பிய பிறகு எழுதியது. 'இதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் கிளாக்கரின் வேலை போகும். இடமாற்றம் போதும்.'

இடமாற்றம். வன்னி. என் அண்ணை.

எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. யாரும் முன்வராத அந்தக் காலையில், இருபத்தேழு வயதுக் கிளாக்கரை நீங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். அவரும் வேலை போகுமே என்று பாராமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன் போட்டார்? உங்கள் முகத்துக்காகவா, அந்த இருபது வயதுப் பொடியனின் முகத்துக்காகவா? இனி யாரைக் கேட்பது?

கடையை நீங்கள் இழந்தீர்கள். அவர் பிள்ளையை இழந்தார்.

முப்பது வருடம் கழித்து அந்த மனிதரின் படலையில் போய் நிற்க உங்களுக்கு எப்படிக் கால் வந்தது மாமா? தெருச் சனம் பார்க்க அவர் கத்தியபோது, "நீரும்தானே போட்டனீர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வாயடைத்துப் போயிருப்பார். நீங்கள் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் அப்படிப் பொறுப்பு நின்ற கதை வெளியே வந்தால் அவருடைய பென்ஷனுக்கு வில்லங்கம் வரலாம் என்று பயந்தீர்களா? அல்லது உண்மையாகவே உங்கள் பிழை என்றுதான் முப்பது வருடமும் நினைத்தீர்களா? என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்பாவை வேறு விதமாகப் பார்த்திருப்பேன், உங்களையும்தான். இரண்டு பேர் மேலும் எனக்கிருந்த பாசம் கலங்காமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். இந்தமுறை சாப்பாட்டைச் சொல்லி என்னை மறிக்க உங்களால் ஏலாது.

ஒருநாள் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, "உங்கட அண்ணை இருந்திருந்தால் இப்ப எத்தினை வயசு?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வியந்தேன், அம்மா சொல்லியிருப்பா என்று விட்டுவிட்டேன். உங்கள் செத்தவீட்டன்று கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சீனக் குடும்பங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். சந்தைப் பெண்கள் மார்பில் அடித்து அழுதார்கள். எல்லாரும் கலைந்த பிறகும் அப்பா அந்தக் கடற்கரை நிலத்தில் தனியே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். "நல்ல மனுசன்" என்றார். நாலு தரம் சொன்னார்.

ஹெலன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "என் தாத்தா உங்கள் குடும்பத்துக்கு நல்லது செய்தாரா, கெட்டது செய்தாரா?" கடைக்குச் சீல் வைத்தவரும் அவர்தான், அப்பாவின் வேலையைக் காத்தவரும் அவர்தான், எங்கள் குடும்பத்தை வன்னிக்கு அனுப்பியவரும் அவர்தான். "எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனால் இந்தத் தாளை எறியாமல் வைத்திருந்தாரே, அதற்கு நன்றி." ஹெலனின் கண் கலங்கிவிட்டது. தாளை என்னிடமே தந்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருகிறார். இடியப்பமும் சொதியும் அவருக்குப் பிடித்துப் போய்விட்டது.

மருந்துக்கடையில் வேலை செய்யும் சீனப் பிள்ளை ஒருத்தியிடம் உங்கள் கையெழுத்தைக் காட்டினேன். "லியூ வென்-ஷான்" என்று வாசித்தாள். மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். லியூ மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் மாமா என்று கூப்பிட்டே முழுப் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டேனே. மன்னிப்பீர்கள்.

மாசியில் மாலாவோடு ஊருக்கு வாறன். டிக்கெட் போட்டாயிற்று. முதலில் உங்களிடம் வருவேன். அதன் பிறகு வன்னிக்குப் போவேன். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். ஆகவே அண்ணை அங்கேதான் எங்கேயோ மண்ணுக்குள் இருக்கிறார். அப்பா எங்களை அங்கே கூட்டிப்போனதில்லை. பழைய கந்தோர் இருந்த இடத்தை யாராவது ஒரு வயதானவர் காட்டுவார். காட்டாவிட்டால் தேடுவேன். முழங்கால் நோவைச் சாட்டுச் சொல்லித் திரும்ப மாட்டேன். அப்பா சார்பிலும் அம்மா சார்பிலும் உங்கள் சார்பிலும் அந்த மண்ணில் கொஞ்சம் பால் ஊற்றி, அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்லுவேன். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். குகன். எங்கள் அண்ணையின் பெயர் குகன், மாமா.

இப்படிக்கு,
இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக நீங்கள் ஆக்கிவிட்ட
பவளம்
ரெய்னர்ஸ் லேன், லண்டன்